தன் தூதையே மறிக்கும் உடல்

நாற்பது, ஐம்பது வயதுவரை பெரிதாக ஒரு நோயும் அண்டாமல் உழைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒருநாள் கழுத்தில் நெறி கட்டும், மாதக்கணக்கில் வற்றாது. காய்ச்சல் விட்டுவிட்டு வரும், உடம்பு இளைக்கும். காசநோய் என்று மருந்து தொடங்கினால் குணம் தெரியாது. கட்டியிலிருந்து திசுவை எடுத்து வளர்த்துப் பார்த்தால் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான மைக்கோபாக்டீரியங்கள் தென்படும். மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக வாழ்பவை அவை. நாம் தினமும் அவற்றைத் தொட்டும் மூச்சில் இழுத்தும் ஒன்றும் ஆகாமல் இருக்கிறோம். இவர்களுக்கு மட்டும் அவை எலும்பு வரைக்கும் பரவியிருக்கும். ஒன்று தணிந்தால் இன்னொன்று வரும்: இரத்தத்தில் சால்மொனெல்லா, அக்கி, டலரோமைசிஸ் மார்னெஃபை என்ற பூஞ்சை. இந்தக் கூட்டணியை மருத்துவர்கள் எய்ட்ஸ் நோயாளிகளிடம் பார்த்துப் பழகியவர்கள். ஆனால் எச்ஐவி பரிசோதனையில் இவர்களுக்கு ஒன்றும் இல்லை. வெள்ளணுக்களின் எண்ணிக்கையிலும் இந்த நோய்களை விளக்கும் குறை எதுவும் இல்லை. தாய்லாந்திலும் தைவானிலும் இத்தகையவர்கள் ஒருவர் இருவராக அல்ல, தொடர்ந்து வந்துகொண்டே இருந்தார்கள். படைகள் அத்தனையும் இருந்தும் இந்த உடல்கள் ஏன் எளிய கிருமிகளிடம் தோற்கின்றன என்ற கேள்வி நெடுநாள் பதிலின்றி நின்றது.

பதில் 2004இல் தலைகாட்டியது, 2012இல் உறுதிப்பட்டது. தாய்லாந்து, தைவான் மருத்துவமனைகளும் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனமும் சேர்ந்து 203 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து அந்த ஆண்டில் முடிவை வெளியிட்டன. எச்ஐவி இல்லாமலேயே இப்படிப்பட்ட தொற்றுகளுக்கு ஆளானவர்களில் 88 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஒரு விசித்திரமான ஆன்டிபாடி இருந்தது. ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புரதம் கிருமியைப் பற்றிப் பிடிப்பதற்காக உடல் செய்வது. இவர்களிடம் இருந்ததோ இன்டர்ஃபெரான் காமா என்ற, உடலின் சொந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. சாதாரணக் காசநோயாளிகளிடமும் ஆரோக்கியமானவர்களிடமும் இது மிக அரிதாகவே காணப்பட்டது. இன்டர்ஃபெரான் காமா ஒரு தூதுப் புரதம். டி-அணு என்னும் வெள்ளணு தன் எதிரியை அடையாளம் கண்டதும் இதைச் சுரக்கிறது. இது மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் போய்ப் பொருந்துகிறது. அதன் பிறகே அந்த விழுங்கணு தான் முன்பே விழுங்கி வைத்திருக்கும் கிருமியைக் கொல்லும் வேகத்தைப் பெறுகிறது. தூது வராவிட்டால் விழுங்கணுவின் வயிற்றுக்குள்ளேயே கிருமி குடியிருந்து பெருகும். எதிர்ப்புரதம் இடையில் புகுந்து அந்தத் தூதைப் பிடித்துவிடுகிறது. டி-அணுவும் இருக்கிறது, விழுங்கணுவும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பு மருத்துவத்தின் ஓர் அரிய நோயோடு முடிந்துவிடுவதல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். நோய் எதிர்ப்பு பற்றி நாம் வைத்திருக்கும் அடிப்படைக் கணக்கையே இது திருத்தச் சொல்கிறது. அந்தக் கணக்கின்படி எதிர்ப்பு என்பது ஓர் அளவு. அது குறைந்தால் தொற்று வரும். எய்ட்ஸ் அதற்கு உதாரணம். அது மிகுந்து வரம்பு மீறினால் உடல் தன்னையே தாக்கும். முடக்குவாதமும் லூபஸும் அதற்கு உதாரணங்கள். ஒன்று பற்றாக்குறை, மற்றது மிகை. பாடநூல்களிலும் இவை இரண்டும் நெடுங்காலம் வேறு வேறு அத்தியாயங்களாகவே இருந்தன. கவனிக்கும் மருத்துவர்களும் வேறு வேறு. இந்த நோயாளிகளோ ஒரே சமயத்தில் இரண்டு அத்தியாயங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய மிகைதான் அவர்களுடைய பற்றாக்குறை. ஏரியில் நீர் ததும்பினாலும் மதகு அடைத்துக்கொண்டால் கீழே வயல் காய்வது போன்றது இது. கரையில் நின்று நீர்மட்டத்தை அளப்பவருக்குப் பயிர் ஏன் வாடுகிறது என்று விளங்காது. அணுக்களின் எண்ணிக்கையும் ஆன்டிபாடிகளின் அளவும் நீர்மட்டத்தைச் சொல்பவை. எதிர்ப்பின் உயிர்நிலை அணுக்களுக்கு இடையே செய்தி தடையின்றிப் போய்வருவதில் இருக்கிறது. அங்கே கோளாறு நேர்ந்தால் கூட்டல் கழித்தல் கணக்கில் அது அகப்படாது.

எப்படி அகப்படாமல் போகிறது என்பதை ஒரு பரிசோதனைக் கூடத்தின் மேசையிலேயே பார்க்கலாம். மறைந்திருக்கும் காசநோயைக் கண்டறிய இக்ரா என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. இரத்தத்தைச் சில குழாய்களில் பிரித்து ஊற்றுவார்கள். ஒன்றில் எதுவும் சேர்க்கப்பட்டிருக்காது. மற்றொன்றில் காசநோய்க் கிருமியின் புரதத் துண்டுகள் இருக்கும். இன்னொன்றில் எந்த டி-அணுவையும் உசுப்பிவிடக்கூடிய மைட்டோஜென் இருக்கும். உடல் வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு நாள் வைத்திருந்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா சுரந்திருக்கிறது என்று அளப்பார்கள். மைட்டோஜென் குழாய், பரிசோதனை ஒழுங்காக நடந்ததா என்பதற்கான சாட்சி. அதில் அளவு உயர்ந்தே தீர வேண்டும். மேற்சொன்ன நோயாளிகளிடம் அந்தச் சாட்சிக் குழாயே ஊமையாகிவிடுகிறது. ‘முடிவு சொல்ல இயலாது’ என்று அறிக்கை வரும். மாதிரி கெட்டிருக்கலாம் என்று எண்ணித் திரும்பவும் இரத்தம் எடுப்பார்கள். திரும்பவும் அதே முடிவு. உண்மையில் அணுக்கள் சுரக்கத்தான் செய்திருக்கின்றன. சுரந்ததைக் குழாயில் உள்ள எதிர்ப்புரதம் அப்போதைக்கப்போதே பிடித்துக்கொண்டதால் கருவிக்கு ஒன்றும் தெரியவில்லை. அதே அணுக்களை அவை மிதந்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்துக் கழுவித் தூண்டினால் இன்டர்ஃபெரான் வருகிறது. இதன் மறுபாதியையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமான ஒருவரின் அணுக்களுக்கு இன்டர்ஃபெரான் காமாவைக் கொடுத்தால் அவற்றின் உள்ளே ஸ்டாட்-1 என்ற புரதம் விழித்துக்கொள்ளும். நோயாளியின் பிளாஸ்மாவைச் சேர்த்துவிட்டுக் கொடுத்தால் விழிக்காது. அந்தப் பிளாஸ்மாவிலிருந்து ஆன்டிபாடிகளை நீக்கிவிட்டுக் கொடுத்தால் மறுபடி விழிக்கிறது. குற்றம் அணுக்களிடம் இல்லை, அவற்றைச் சூழ்ந்த திரவத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் தேவையில்லை.

இன்டர்ஃபெரான் காமா தனித்த விதிவிலக்கும் அல்ல. 1958இல் அமெரிக்க மருத்துவர்கள் மூவர் நுரையீரலின் காற்றறைகள் புரதமும் கொழுப்பும் கலந்த ஒரு பொருளால் நிரம்பிவிடும் நோயை விவரித்தார்கள். காற்றறைச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பூச்சுதான் அந்தப் பொருள்; அது தேங்கிப்போவதால் வரும் நோய் இது. சிகிச்சையாக ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்றோட்டம் கொடுத்துக்கொண்டு, மற்றதை உப்புநீரால் நிரப்பி நிரப்பி வடிப்பார்கள். முதலில் வடிவது பால்போல் கலங்கி இருக்கும், போகப்போகத் தெளியும். ஏன் தேங்குகிறது என்பது சுமார் 40 ஆண்டுகள் புரியாமல் இருந்தது. 1994இல் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற தூதுப் புரதம் இரத்த அணுக்களின் உற்பத்திக்கு எவ்வளவு தேவை என்று பார்ப்பதற்காக அதற்கான மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். எலிகளின் இரத்தம் பெரும்பாலும் இயல்பாகவே இருந்தது, நுரையீரல்தான் நிரம்பியிருந்தது. பழைய பூச்சைச் செரித்து அகற்றும் வேலையைச் செய்யும் விழுங்கணுக்களுக்கு அந்தத் தூது இன்றியமையாதது என்று அப்போதுதான் தெரிந்தது. மனித நோயாளிகளிடம் மரபணு பழுதுபடவில்லை. அவர்களின் இரத்தத்தில் ஜிஎம்-சிஎஸ்எஃப்பைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் இருந்ததை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவே காரணம். கடமை மறந்த அந்த விழுங்கணுக்கள் கிருமிகளையும் சரிவரக் கொல்வதில்லை. நொகார்டியா என்ற பாக்டீரியாவும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும் இவர்களைத் தாக்குகின்றன. நுரையீரல் நோயே இல்லாமல், ஆரோக்கியமாகத் தோன்றிய சிலர் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலோடு வந்தபோது அவர்களின் இரத்தத்திலும் இதே எதிர்ப்புரதம் இருந்தது. வரிசை இத்துடன் நிற்கவில்லை. இன்டர்லூக்கின்-6ஐப் பிடிக்கும் எதிர்ப்புரதம் கொண்ட ஒரு குழந்தைக்குத் தோலுக்கடியில் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டிகள் வந்ததை 2008இல் பதிவுசெய்தார்கள். அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு அந்தத் தொற்றுகளின்போது எதிர்பார்த்தபடி உயரவில்லை. கல்லீரலை சிஆர்பி செய்யச் சொல்லி ஏவும் தூதே இன்டர்லூக்கின்-6தான் என்பதால் தீ எரிந்தும் புகை காட்டாத நிலை அது. ஒவ்வொரு தூதும் மறிக்கப்படும்போது ஒவ்வொரு வகைக் கிருமிக்கு வழி திறக்கிறது. பொதுவான பலவீனம் என்று ஒன்று இல்லை.

இவையெல்லாம் அரிய நோய்கள், இவற்றைக் கொண்டு பொது விதி பேசலாமா என்று கேட்டால், 2020 வரை அந்தக் கேள்விக்கு வலு இருந்தது. இன்டர்ஃபெரான்களில் முதலில் அறியப்பட்டவை முதல் வகையைச் சேர்ந்தவை. வைரஸ் நுழைந்த அணு, தான் அழிவதற்குள் அக்கம்பக்கத்து அணுக்களை உஷார்ப்படுத்த இவற்றைச் சுரக்கிறது என்பதை 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மானும் கண்டறிந்தார்கள். இவற்றை மறிக்கும் எதிர்ப்புரதங்கள் சிலரிடம் இருப்பது 1980களின் தொடக்கத்திலேயே தெரியும். ஆனால் மருத்துவ ஆர்வத்துக்குரிய துணுக்காகவே அது கிடந்தது. கொரோனா வந்த முதல் ஆண்டில் ஜான்-லோரான் கசனோவா, போல் பஸ்தார் ஆகியோரின் குழு உயிருக்குப் போராடிய 987 நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தது. அவர்களில் 101 பேரிடம், அதாவது பத்துக்கு ஒருவரிடம், முதல் வகை இன்டர்ஃபெரானைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புரதம் இருந்தது. லேசான நோயோடு அல்லது அறிகுறியே இல்லாமல் தப்பித்த 663 பேரில் ஒருவரிடமும் இல்லை. ஆரோக்கியமான 1,227 பேரில் 4 பேரிடம் மட்டும் இருந்தது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். அடுத்த ஆண்டு, உடலில் இயல்பாகக் காணப்படும் குறைந்த செறிவில் இன்டர்ஃபெரானை வைத்து இன்னும் நுட்பமாகப் பார்த்தபோது, கொரோனாவால் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் இந்த எதிர்ப்புரதம் இருந்தது தெரிந்தது. நோய் தொற்றாத பொதுமக்களிடமும் வயது 70ஐத் தாண்டியதும் இதன் விகிதம் சட்டென்று ஏறுகிறது. 80ஐத் தாண்டியவர்களிடம் மேலும் கூடுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெஸ்ட் நைல் வைரஸால் மூளைக்காய்ச்சல் கண்டவர்களில் சுமார் 40 விழுக்காட்டினரிடம் இதே எதிர்ப்புரதம் இருப்பதை 2023இல் அறிந்தோம். கொசு கடித்து அந்த வைரஸ் புகுந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே மூளைக்காய்ச்சல் வருகிறது. அந்த ஒருவர் ஏன் அவர் என்ற கேள்விக்குப் பாதியளவு விடை ஒரே இடத்தில் கிடைப்பது தொற்றுநோய் வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை.

இங்கே எழும் முதல் மறுப்பு கனமானது. கடும் நோயில் உடல் நிலைகுலையும்போது கண்ட கண்ட எதிர்ப்புரதங்களையும் உற்பத்தி செய்யக்கூடும். அப்படியானால் இவை நோயின் விளைவாக இருக்கலாம், காரணமாக எப்படிக் கொள்வது? நியாயமான ஐயம்தான். கடும் கொரோனாவுக்குப் பிறகு பலவிதத் தன்னெதிர்ப்புரதங்கள் புதிதாகத் தோன்றுவதும் உண்மையே. ஆனால் இந்தக் குறிப்பிட்ட எதிர்ப்புரதம் முன்னமே இருந்ததற்குச் சான்று உண்டு. சில நோயாளிகளிடம் தொற்றுக்கு முன்பே எடுத்துச் சேமித்திருந்த இரத்தத்திலும் அது இருந்தது. இதைவிட வலுவான சான்றை இயற்கையே தந்திருக்கிறது. ஃபின்லாந்து, சார்டீனியா போன்ற இடங்களில் சற்று அதிகமாகக் காணப்படும் ஏபிஎஸ்-1 என்ற பரம்பரை நோயில் ஏயர் என்ற மரபணு பழுதாகியிருக்கிறது. 1997இல் அடையாளம் காணப்பட்ட மரபணு அது. இளம் டி-அணுக்கள் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பியில், உடலின் பல பகுதிகளுக்கே உரிய புரதங்களை முன்கூட்டிக் காட்டி, அவற்றைத் தாக்க முனையும் அணுக்களை அங்கேயே களையெடுக்க உதவுவது ஏயரின் வேலை. அது பழுதானவர்களில் அநேகமாக எல்லோருக்குமே முதல் வகை இன்டர்ஃபெரானுக்கு எதிரான எதிர்ப்புரதம் சிறுவயதிலிருந்தே இருக்கிறது. கொரோனா பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதைச் சுமந்தவர்கள் அவர்கள். 8 முதல் 48 வயதுக்குட்பட்ட அத்தகைய 22 பேருக்குக் கொரோனா வந்தபோது 19 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 15 பேருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது. 4 பேர் இறந்தார்கள். அந்த வயதினருக்கு இது சாதாரணமாக நேரும் சேதம் அல்ல. இன்டர்ஃபெரானின் ஏற்பி மரபணுவிலேயே குறையோடு பிறந்தவர்களுக்கும் வைரஸ் நோய்கள் இதே விதமாக முற்றுகின்றன. தூதைப் பிடித்துவைத்தாலும் தூதைப் பெறும் வாசலை மூடினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கிறது என்றால் காரணம் எது, விளைவு எது என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.

இதே பரிசோதனையை நவீன மருத்துவம் தெரிந்தே செய்துகொண்டுமிருக்கிறது. முடக்குவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் தரப்படும் இன்ஃப்ளிக்ஸிமாப், டிஎன்எஃப் என்ற தூதுப் புரதத்தைப் பிடிப்பதற்காகத் தொழிற்கூடத்தில் செய்யப்பட்ட ஆன்டிபாடி. அது புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளில், 2001இல், அதைப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் கிளம்பியதாக அறிக்கை வெளிவந்தது. அவர்களில் பலருக்கு நுரையீரலுக்கு வெளியே பரவிய காசநோய். காசநோய் வீட்டுக்கு வீடு பதுங்கியிருக்கும் நம் நாட்டில் இந்த ஊசியைத் தொடங்குவதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்வது அதனால்தான் கட்டாயமாயிற்று. இன்டர்லூக்கின்-17ஐ மறிக்கும் சொரியாசிஸ் மருந்துகளால் சிலருக்கு வாயில் வெண்பூஞ்சை படர்கிறது. கொரோனாவின் இரண்டாம் அலையில் எல்லோரும் தேடி அலைந்த டோசிலிஸுமாப் இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியை மறிப்பது. அதைப் பெற்றவருக்குப் பிறகு தொற்று வந்தாலும் சிஆர்பி உயராமல் போகலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். 2008இல் பதிவான குழந்தையிடம் இயற்கை காட்டியதும் அதுவே. தொழிற்கூடத்தில் செய்து ஊசிவழி செலுத்தும் எதிர்ப்புரதமும் உடல் தானே தயாரிக்கும் எதிர்ப்புரதமும் ஒரே வேலையைச் செய்கின்றன. முன்னதற்கு அளவும் கெடுவும் உண்டு, நிறுத்தினால் சில வாரங்களில் அல்லது மாதங்களில் விட்டுப்போகும். பின்னதற்கு இரண்டும் இல்லை. வேற்றுமை அவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. இந்த எதிர்ப்புரதம் இருந்தும் நலமாக இருப்பவர்கள் உண்டே? ஏபிஎஸ்-1 நோயாளிகள் சிலர் கொரோனாவை லேசாகவே கடந்து வந்ததும் பதிவாகியிருக்கிறது. உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. மறிப்பு எவ்வளவு முழுமையானது, எத்தனை வகை இன்டர்ஃபெரான்களை அது மறிக்கிறது, வைரஸ் எவ்வளவு புகுந்தது, வயது என்ன என்பவை எல்லாம் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. முதல் வகையில் ஆல்ஃபாவையும் ஒமேகாவையும் மறிக்கும் எதிர்ப்புரதங்கள் பெரும்பாலும் பீட்டாவை விட்டுவிடுகின்றன. ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழியில் செய்தி போக வாய்ப்பிருக்கிறது. தடுப்பூசியோ பழைய தொற்றோ தந்த நினைவு இருந்தால் உடலுக்கு அந்த முதல் எச்சரிக்கையின் தேவையும் குறைகிறது. ஆகவே எதிர்ப்புரதம் என்பது தலையெழுத்து அல்ல, ஆபத்தைக் கூட்டும் காரணி. ஏபிஎஸ்-1 தொடர்பாகவே இன்னொரு திருத்தமும் தேவைப்பட்டது. அந்த நோயாளிகளுக்கு வாயில் ஓயாமல் வரும் வெண்பூஞ்சைக்கு இன்டர்லூக்கின்-17க்கு எதிரான எதிர்ப்புரதம்தான் காரணம் என்று 2010லிருந்து சொல்லப்பட்டு வந்தது. 2021இல் வந்த ஆய்வு, வாய்த்திசுவில் குவியும் டி-அணுக்கள் இன்டர்ஃபெரான் காமாவை அளவுக்கு மீறிச் சுரந்து வாய்ச் சவ்வின் அரணையே குலைப்பது முக்கியக் காரணம் என்று காட்டியது. என் வாதத்தை இது பலவீனப்படுத்துவதாகத் தோன்றலாம். நான் அப்படிக் கருதவில்லை. எதிர்ப்புரதம் கண்ணில் பட்டதுமே அதைக் குற்றவாளி என்று தீர்க்கக் கூடாது, ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை அது கற்பிக்கிறது. அதோடு, ஒரு தூது மிகுந்துபோவதாலும் தொற்றுக்கு வழி திறக்கலாம் என்று காட்டி, மிகை என்றால் பாதுகாப்பு, குறை என்றால் ஆபத்து என்ற எளிய சமன்பாட்டை இன்னொரு பக்கத்திலிருந்தும் உடைக்கிறது.

உடல் ஏன் இந்தத் தவறைச் செய்கிறது? இருபதாம் நூற்றாண்டின் வாசலில் பால் எர்லிக், உடல் தன்னையே தாக்கும் நிலையைக் கண்டு இயற்கை அஞ்சி ஒதுங்கும் என்று நம்பினார். தன்னெதிர்ப்பு நோய்கள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன. தூதுப் புரதங்களுக்கு எதிரான தன்னெதிர்ப்போ இன்னும் ஆழமான இடத்தைத் தொடுகிறது. தென்கிழக்கு ஆசிய நோயாளிகளிடம் குறிப்பிட்ட சில எச்எல்ஏ மரபணு வகைகள் மிகுதியாக இருப்பது தெரிகிறது. நோய் அந்த வட்டாரத்து மக்களிடம் குவிவதற்கு அது ஒரு விளக்கம். 2016இல் இன்னொரு சுவடு கிடைத்தது. அவர்களின் எதிர்ப்புரதம் இன்டர்ஃபெரான் காமாவின் வால்பகுதியில் உள்ள ஒரு சிறு துண்டைப் பற்றிக்கொள்கிறது; ஆஸ்பெர்கிலஸ் என்ற சாதாரணப் பூஞ்சையின் ஒரு புரதத்தில் அதை ஒத்த துண்டு இருக்கிறது. பூஞ்சைக்கு எதிராக எழுந்த பதில் தூதின் மேலும் பாய்ந்திருக்கலாம் என்பது ஊகம். அந்தத் துண்டை மட்டும் மாற்றியமைத்த இன்டர்ஃபெரான் எதிர்ப்புரதத்தின் பிடியில் சிக்காமல் தன் வேலையைச் செய்தது என்பது ஊகத்துக்கு அப்பாற்பட்ட, மருந்தாக மலரக்கூடிய உண்மை. ஆனாலும் இதை முழுக்கத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. தூதுப் புரதங்களைப் பிடிக்கும் எதிர்ப்புரதங்கள் சிறு அளவில் ஆரோக்கியமானவர்களின் இரத்தத்திலும் உண்டு. ஜிஎம்-சிஎஸ்எஃப்புக்கு இது நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது. லூபஸ் நோயில் முதல் வகை இன்டர்ஃபெரான் வரம்பு மீறி ஓடுகிறது. அதை மறிக்கும் எதிர்ப்புரதம் தற்செயலாக வாய்த்த லூபஸ் நோயாளிகள் சிலருக்கு நோயின் சீற்றம் தணிந்து காணப்படுகிறது. தூதைச் சிறிது தணிப்பது உடலின் வழக்கமான ஒழுங்கின் பகுதியாகவே இருக்கக்கூடும். அந்த ஒழுங்கு எல்லை கடக்கும் இடத்தில் நோய் தொடங்குகிறது.

வாதத்தின் இறுதிச் சோதனை சிகிச்சையில் இருக்கிறது. கணக்கு வெறும் அளவைப் பற்றியது என்றால், தொற்றால் சாகக் கிடப்பவரின் எதிர்ப்பை மேலும் ஒடுக்குவது கொலைக்கு ஒப்பாகும். இன்டர்ஃபெரான் காமாவுக்கு எதிரான எதிர்ப்புரதத்தால் தவித்தவர்களுக்கு, பலவித ஆன்டிபயாடிக்குகளை மாறி மாறிக் கொடுத்தும் நோய் அடங்காத நிலையில், மருத்துவர்கள் அதைத்தான் செய்தார்கள். ஆன்டிபாடியைச் செய்யும் பி-அணுக்களை அழிக்கும் ரிடுக்ஸிமாப் மருந்தைக் கொடுத்தார்கள். நிணநீர்ப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் பயன்படுவது அது. எதிர்ப்புரதத்தின் அளவு குறைந்தது, அணுக்களுக்கு இன்டர்ஃபெரானின் தூது மறுபடி எட்டியது, தொற்று பின்வாங்கியது. அதிக விலையுள்ள அந்த மருந்துக்குப் பதிலாகத் தாய்லாந்தில் சைக்ளோஃபாஸ்ஃபமைடையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காற்றறை நோயிலோ எதிர்வழி கைகொடுத்தது. எதிர்ப்புரதம் பிடித்துத் தீர்ப்பதற்கும் மேலாக ஜிஎம்-சிஎஸ்எஃப்பை மூச்சுவழி நேராக நுரையீரலுக்குள் செலுத்தியபோது நோயாளிகளின் இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறியது. ஒரு நோயில் ஒடுக்கியும் இன்னொன்றில் சேர்த்தும் காப்பாற்ற முடிந்தது. இரண்டிலும் செய்தது ஒன்றே, தூதுக்கு வழி விட்டது. எதிர்ப்பைக் குறைத்து எதிர்ப்பை மீட்டெடுக்க முடிகிறது என்ற இந்த ஒரு நிகழ்வு, எதிர்ப்பு ஓர் அளவல்ல, அணுக்களுக்கு இடையிலான உறவு என்பதை எந்த விளக்கத்தையும்விடத் திடமாகச் சொல்கிறது. கால வரம்பையும் இங்கே மறந்துவிடலாகாது. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்வில் இன்டர்ஃபெரான் பீட்டாவைக் கொடுத்தபோது இறப்பு குறையவில்லை. முதல் நாட்களில் போய்ச் சேர வேண்டிய எச்சரிக்கை, வீடு எரிந்து முடியும் நேரத்தில் போய்ப் பயனில்லை.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? கொரோனாக் காலம் முழுவதும் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள் என்ற அறிவுரை நம்மைச் சூழ்ந்திருந்தது. கஷாயம், மாத்திரை, பழச்சாறு, பயிற்சி என எல்லாவற்றுக்கும் அதுவே விளம்பர வாசகம். நல்ல உணவும் உறக்கமும் உடலுக்கு வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த அறிவுரைக்கு அடியில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: நோய் முற்றி இறந்தவர் தன் உடம்பைச் சரியாகப் பேணாதவர் என்ற தீர்ப்பு. இறந்தவரின் குடும்பம் ‘இதைக் கொடுத்திருக்கலாமோ, அதைக் கொடுத்திருக்கலாமோ’ என்று ஆண்டுக்கணக்கில் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வதும் அந்தத் தீர்ப்பின் நீட்சிதான். கொரோனா இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இன்டர்ஃபெரானை மறிக்கும் எதிர்ப்புரதம் இருந்தது என்ற உண்மை அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்குகிறது. அவர்களின் உடலில் சக்தி குறையவில்லை. எந்தக் கஷாயமும் கூட்டவோ குறைக்கவோ முடியாத ஒரு மறிப்பு, அவர்கள் அறியாமலேயே, வைரஸ் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. வயதானவர்களுக்கு இது ஏன் கூடுகிறது, ஆண்களிடம் ஏன் அதிகம் என்பவை இன்னும் ஆராயப்படுகின்றன. அந்த ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் பல உண்டு.

எச்ஐவி இல்லாத ஒருவருக்கு மைக்கோபாக்டீரியத் தொற்று உடலெங்கும் பரவினாலோ, டலரோமைசிஸ் பூஞ்சை கண்டாலோ எதிர்ப்புரதத்தைத் தேட வேண்டும். மணிப்பூர் அந்தப் பூஞ்சை நிலைகொண்ட மாநிலம் என்பதால் இது வேற்று நாட்டு விவகாரமும் அல்ல. காசநோய் மருந்து கேட்காத நெறிக்கட்டிகளும், முடிவு சொல்ல இயலாது என்று திரும்பத் திரும்ப வரும் இக்ரா அறிக்கைகளும் நம் மருத்துவமனைகளில் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். பரிசோதனை நுட்பமும் எட்டாத உயரத்தில் இல்லை: ஆரோக்கியமானவரின் அணுக்கள், ஓர் அளவு இன்டர்ஃபெரான், நோயாளியின் பிளாஸ்மா ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வசதியுள்ள ஆய்வகம் ஒவ்வொரு பெரிய மருத்துவக் கல்லூரியிலும் இருக்கலாம். எதிர்ப்புரதம் உள்ளவர் என்று தெரிந்த முதியவருக்குத் தடுப்பூசியை முந்திச் செலுத்தலாம். காய்ச்சல் கண்ட முதல் நாளே வைரஸ் மருந்தைத் தொடங்கலாம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போன்ற உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகளைக் கொடுக்கும் முன் இருமுறை யோசிக்கலாம், ஏனெனில் அந்த ஊசியால் உயிராபத்துக்கு உள்ளான 8 பேரில் 3 பேரிடம் இதே எதிர்ப்புரதம் இருந்திருக்கிறது. இவ்வளவும் செய்ய நமக்குத் தேவைப்படுவது முதலில் ஒரு மனமாற்றம். தொற்றில் விழுந்தவரைப் பார்த்து அவருக்கு எவ்வளவு சக்தி இருந்தது என்று கேட்பதை விட்டு, அவர் உடலில் எந்தச் செய்தி எந்த இடத்தில் தடைபட்டது என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் கேள்விக்குக் கிடைப்பது பழி மட்டுமே; இரண்டாவது கேள்விக்குச் சிகிச்சை கிடைக்கிறது.